மே மாத வெயிலில் ஒரு போனை எடைபோடுவது

செல்போன் மதிப்புரைகளைப் பல வருடமாக விடாமல் படித்தும் பார்த்தும் வருகிறேன். பெரும்பாலானவை அக்கறையோடுதான் செய்யப்படுகின்றன. ஆனாலும் அவற்றில் வரும் போனுக்கும், குரோம்பேட்டையில் மின்சார ரயில் ஏறுகிற ஒருவரின் சட்டைப்பையில் இருக்கும் போனுக்கும் நடுவே பெரிய தூரம் இருக்கிறது. அங்கே போன் ஏசி அறையில் மேஜைமேல் படுத்திருக்கிறது. தொடுகிற விரல் உலர்ந்திருக்கிறது. வைஃபை முழுசாகக் கிடைக்கிறது. பின்னால் வரிசையில் யாரும் நிற்கவில்லை. இங்கே சட்டை முதுகோடு ஒட்டியிருக்கும்போது, ஒரு கையில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கையின் கட்டைவிரலால் மட்டுமே போனை இயக்க வேண்டியிருக்கிறது.

அதனால் ஒரு போன் தன் நல்ல நேரத்தில் எவ்வளவு உயரம் எட்டுகிறது என்று நான் பார்ப்பதில்லை. அதன் மோசமான நேரத்தில் எவ்வளவு கீழே இறங்குகிறது என்பதுதான் என் கணக்கு. வீட்டிலும் சொந்தத்திலும் யார் போன் வாங்கினாலும் என்னைக் கேட்டுவிட்டுத்தான் வாங்குகிறார்கள். அவர்களுக்கெல்லாம் தனித்தனியாகச் சொன்னதை இங்கே ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன்.

இப்போது என் கையில் இருப்பது மார்ச் மாதம் வாங்கியது. இருபத்தைந்தாயிரத்துக்குள் வரும் ரகம். 6.7 அங்குல அமோலெட் திரை, 120 ஹெர்ட்ஸ், 5000 எம்ஏஹெச் பேட்டரி, 8 ஜிபி ரேம், 256 ஜிபி சேமிப்பு. கம்பெனி பெயரைச் சொல்லவில்லை. இந்த விலையில் கடையில் கிடைக்கும் போன்களில் எதை எடுத்தாலும் கேட்க வேண்டிய கேள்விகள் ஒன்றுதான்.

முதலில் வெயில். ஆப்பிளும் சாம்சங்கும் தங்கள் போன்களைப் பயன்படுத்த ஏற்ற சுற்றுப்புற வெப்பநிலை என்று சொல்வது 0 முதல் 35 டிகிரி வரை. நுங்கம்பாக்கத்தில் மே மாதச் சராசரி உச்ச வெப்பமே 37 டிகிரியை ஒட்டி இருக்கும். 2003 மே 31 அன்று அங்கே 45 டிகிரி பதிவானது. ஆக, கோடை முழுக்க நம் போன்கள் பகல் வேளையில், செய்தவர்களே போட்ட கோட்டுக்கு வெளியேதான் வேலை செய்கின்றன. இத்தனைக்கும் போன் தயாரிப்பு நமக்குத் தூரத்து விஷயமில்லை. ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் நோக்கியா ஆலை திறந்து 2014இல் மூடப்பட்டது. இன்று அதே வட்டாரத்தில் ஃபாக்ஸ்கான் ஆலையிலிருந்து ஐஃபோன்கள் உலகம் முழுக்கப் போகின்றன. அப்படிப்பட்ட ஊரில் இருந்தும், 40 டிகிரியில் இந்தப் போன் எப்படி நடந்துகொள்ளும் என்று எந்த அட்டைப்பெட்டியிலும் ஒரு வரி கிடையாது. இது எனக்கு உண்மையாகவே வருத்தம்.

வெயிலில் போனுக்குள் நடப்பது ஒரு சங்கிலி. நேர் வெயிலின் வெளிச்சம் ஏறக்குறைய ஒரு லட்சம் லக்ஸ். அலுவலக அறையில் ஐந்நூறு இருந்தாலே அதிகம். அந்த வெளிச்சத்தோடு போட்டி போடத் திரை தன் வெளிச்சத்தை முழுதாக ஏற்றுகிறது. திரைதான் போனில் அதிக மின்சாரம் தின்னும் பாகங்களில் ஒன்று. ஏற்றியதும் சூடு பிறக்கிறது. மேலே சூரியன் கறுப்புக் கண்ணாடியைச் சுடுகிறது. உள்ளே மேப் ஓடுகிறது, ஜிபிஎஸ் ஓடுகிறது, 5ஜி சிக்னல் தேடிக்கொண்டிருக்கிறது. ஒரு கட்டத்தில் போன் தன்னைக் காத்துக்கொள்ள முடிவெடுக்கிறது. முதலில் திரையின் வெளிச்சத்தைக் குறைக்கும், அடுத்து பிராசசரின் வேகத்தை, அதன்பின் சார்ஜ் ஏறும் வேகத்தை. சில போன்களில் கேமரா ஃப்ளாஷும் வேலை செய்யாது. வெளிச்சம் எப்போது அதிகம் தேவையோ அப்போதுதான் திரை மங்குகிறது.

பெட்டியில் ‘உச்ச வெளிச்சம் 4500 நிட்ஸ்’ என்று போட்டிருப்பார்கள். நிட்ஸ் என்பது திரை வெளிச்சத்தின் அளவு. அது திரையின் ஒரு சின்ன மூலையில், எச்டிஆர் வீடியோ ஓடும்போது, கொஞ்ச நேரத்துக்கு மட்டும் எட்டுகிற எண். மேப்புக்கு அது உதவாது. முழுத் திரையும் வெயிலில் எத்தனை நிட்ஸ் தருகிறது, அதை எத்தனை நிமிடம் தாக்குப் பிடிக்கிறது என்பதுதான் நமக்கு வேண்டியது. இரண்டாவது கேள்விக்கு எந்த விளம்பரமும் பதில் சொல்வதில்லை.

இதை நான் பார்த்துக்கொள்வது கிண்டியில். மத்தியானம் ஸ்டேஷனைவிட்டு இறங்கி, மேப்பைப் போட்டுக்கொண்டு தொழிற்பேட்டைப் பக்கம் நடப்பேன். நிழல் குறைவான பாதை. என் போனில் முதல் சில நிமிடம் திரை கண்ணாடி மாதிரித் தெளிவாக இருந்தது. பாதி தூரத்தில் ஒரு படி இறங்கியது. பின்பக்கம் கேமராவுக்குக் கீழே விரலை வைத்தால் சுட்டது. ஆனால் அதற்குமேல் இறங்கவில்லை. தெருப்பெயர்களைப் படிக்க முடிந்தது. கூட வந்த அலுவலக நண்பரின் போன் இதைவிட விலை அதிகம், வெளிச்ச எண்ணும் அதிகம். அவர் ஒரு மரத்தடியைத் தேடி ஒதுங்க வேண்டியிருந்தது. அந்த ஒரு நடையே எனக்கு எத்தனையோ வரைபடங்களைவிட அதிகம் சொல்லியது.

சித்தி மகன் உணவு டெலிவரி செய்கிறான். அவனுக்கு இது வயிற்றுப்பாடு. பைக் ஹேண்டில்பாரில் போன், நேர் வெயில், வண்டியிலிருந்தே சார்ஜ், மேப் நிற்காமல் ஓடுகிறது. போனுக்கு இதைவிடக் கடுமையான வேலை கிடையாது. “அண்ணா, திடீர்னு இருட்டிப் போயிடுதுண்ணா. கையால மறைச்சுப் பார்த்தாதான் எந்த டர்னிங்னு தெரியுது. அதுக்குள்ள அதைத் தாண்டி வந்துடுறேன்” என்றான். அவனுக்கு நான் சொன்னவை இரண்டு. உச்சி வெயிலில் ஓட்டும்போது சார்ஜ் போடாதே, வீட்டிலிருந்து நிரப்பிக்கொண்டு கிளம்பு, நடுவில் நிழலில் நிற்கும்போது போட்டுக்கொள். சார்ஜ் ஏறும் சூடும் வெயிலின் சூடும் சேரும்போதுதான் திரை முதலில் மங்குகிறது. இரண்டாவது, பைக்கின் அதிர்வு. கேமரா ஆடாமல் இருக்க லென்ஸைத் தாங்கும் ஓஐஎஸ் அமைப்பு, இஞ்சினின் தொடர் அதிர்வில் கெட்டுப்போகலாம் என்று ஆப்பிளே 2021 செப்டம்பரில் எச்சரித்தது. அதிர்வை உள்வாங்கும் ரப்பர் வைத்த மவுன்ட் வாங்கச் சொன்னேன். அல்லது அந்த வேலைக்கென ஓஐஎஸ் இல்லாத ஒரு சாதாரணப் போனை ஒதுக்கிவிடலாம். இரண்டாவது வழி அவனுக்குப் பிடித்திருந்தது.

போனின் வேகத்தைச் சோதித்துத் தரும் பெஞ்ச்மார்க் எண்களைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். குளிர்ந்த போனில் ஒரு தடவை ஓட்டி வரும் எண்ணால் எனக்குப் பயனில்லை. தொடர்ந்து அரை மணி நேரம் சுமை ஏற்றி, முதல் சுற்றுக்கும் கடைசிச் சுற்றுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று காட்டினால் உட்கார்ந்து பார்ப்பேன். மிக வேகமான சிப் பாதிக்கு இறங்கிவிடலாம். நடுத்தரச் சிப் ஒன்று கடைசிவரை ஒரே சீராக ஓடலாம். நம் ஊருக்கு இரண்டாவதுதான் வேண்டும்.

பேட்டரியின் ஆயுளும் இதோடு சேர்ந்த விஷயம். லித்தியம் அயான் பேட்டரி அதிகம் கெடுவது இரண்டும் கூடும்போது: 100 சதவீதம் நிரம்பியிருப்பது, கூடவே சூடாக இருப்பது. ராத்திரி தலையணைக்குப் பக்கத்தில் மெத்தைமேல் வைத்துச் சார்ஜ் போட்டால் இரண்டுமே நடக்கிறது. ஐஃபோன் 15 பேட்டரி, உகந்த சூழ்நிலையில் 1000 முறை முழுதாகச் சார்ஜ் ஏறி இறங்கிய பிறகும் 80 சதவீதக் கொள்ளளவைத் தக்கவைக்கும் என்கிறது ஆப்பிள். அதற்கு முந்தைய மாடல்களுக்கு அந்த எண்ணிக்கை 500. ‘உகந்த சூழ்நிலையில்’ என்பதை நாம் அழுத்திப் படிக்க வேண்டும். 80 சதவீதத்தில் சார்ஜை நிறுத்திவைக்கும் வசதி இப்போது பல போன்களில் வந்துவிட்டது. ஏப்ரல் முதல் ஜூன் வரை அதைப் போட்டுவைப்பேன். அதற்கப்புறம் எடுத்துவிடுவேன்.

அடுத்தது கல்லாப்பெட்டி முன்னால் நிற்கும் அந்தச் சில நொடி. யுபிஐ 2016இல் வந்தது. இன்று சென்னையில் இளநீர்க் கடை முதல் கோயில் வாசல் பூக்கடை வரை கியூஆர் அட்டை தொங்குகிறது. என்னைக் கேட்டால் இன்றைக்கு ஒரு போனின் முதல் வேலை இதுதான். பேசுவதுகூட இதற்கு அப்புறம்தான். ஆனால் இதை யாரும் முறையாகச் சோதித்துக் காட்டுவதில்லை.

ஸ்டேஷன் வாசலில் பூ விற்கும் அக்காவிடம் காலை ஏழரைக்கு இரண்டு முழம் மல்லிகை வாங்குகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். நேரமில்லை, ரயில் தாம்பரம் பக்கத்திலிருந்து வந்துகொண்டிருக்கிறது. அக்கா பூவை இலையில் சுற்றிக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கிறார். வாங்கிய கையில் ஈரம். அந்த விரலை ரேகை வைக்கும் இடத்தில் வைக்கிறேன். என் போனில் இருப்பது திரைக்கு அடியிலுள்ள ஆப்டிகல் வகை: விரலுக்கு வெளிச்சம் அடித்துப் படம் எடுத்து ரேகையை ஒப்பிடும். ஈரம் ரேகையின் பள்ளங்களை நிரப்பிவிட்டால் படம் தெளியாது. முதல் முயற்சியில் திறக்காது. ஒலியலையால் ரேகையைப் படிக்கும் அல்ட்ராசானிக் வகை ஈர விரலை இதைவிட நன்றாகச் சமாளிக்கிறது, ஆனால் அது பெரும்பாலும் விலை கூடிய போன்களில்தான் கிடைக்கிறது. வேர்வை ஊருக்கே பொது. ரேகையை மட்டும் உலர்ந்த விரலுக்குச் செய்திருக்கிறார்கள்.

திறந்தாயிற்று. ஆப்பைத் தொட்டதும் சேமிப்பிலிருந்து அது எழுந்து வர வேண்டும். மலிவு போன்கள் இங்கேதான் காலை வாரிவிடும். இஎம்எம்சி வகைச் சேமிப்பு ஒரே நேரத்தில் படிக்கவோ எழுதவோதான் செய்யும். யுஎஃப்எஸ் இரண்டையும் சேர்த்துச் செய்யும். பின்னணியில் வாட்ஸ்அப் குழுவின் காலை வணக்கப் படங்கள் இறங்கிக்கொண்டிருக்கும்போது இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். ஆகவே ரேம் எத்தனை ஜிபி என்று கேட்பவர்களிடம், சேமிப்பு எந்த வகை என்று கேளுங்கள் என்கிறேன். ‘8 ஜிபியோடு கூட 8 ஜிபி’ என்று எழுதியிருந்தால் அந்தக் கூடுதல் எட்டு சேமிப்பிலிருந்து கடன் வாங்கியது. அதற்காக ஒரு ரூபாய்கூடக் கூடக் கொடுக்க வேண்டாம்.

பிறகு கேமரா விழித்து கியூஆரைப் பிடிக்க வேண்டும். பூக்கடை அட்டை பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கிறது, மேலே தண்ணீர்த் துளி, காலை வெயில் அதில் பளபளக்கிறது. நல்ல போன் தூக்கிக் காட்டியதும் பிடித்துவிடுகிறது. சுமாரானது முன்னும் பின்னும் ஃபோகஸை ஆட்டிக்கொண்டிருக்கும். அதன்பின் நெட்வொர்க், பின் நம்பர், ‘பணம் வந்தது’ என்று பெட்டி அறிவிக்கும் குரல். சின்னத் தொகைகளுக்கு யுபிஐ லைட் போட்டுக்கொண்டால் 1000 ரூபாய் வரை பின் நம்பர் வேண்டாம், ஒரு படி குறையும். அம்மாவுக்கு முதலில் அதைத்தான் போட்டுக் கொடுத்தேன். பின் நம்பரை யாராவது எட்டிப் பார்ப்பார்களோ என்ற அவர் பயம் காய்கறிக் கடையிலாவது போனது.

என் போன் இந்த முழு வேலையிலும் ரேகை ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் தேறிவிட்டது. ரேகைக்காக நான் செய்துகொண்டது: ஒரே கட்டைவிரலை இரண்டு தடவை பதிவுசெய்தேன், ஒன்று உலர்ந்தபோது, மற்றொன்று குளித்துவிட்டு வந்தவுடன். நிறையவே உதவுகிறது.

நெட்வொர்க் என்று சொன்னேன். இந்தியாவில் 5ஜி 2022 அக்டோபர் 1 அன்று தொடங்கியது. ஏர்டெல் முதலில் கொடுத்த எட்டு நகரங்களில் சென்னையும் ஒன்று. பெட்டியில் 5ஜி என்று போட்டிருந்தால் மட்டும் போதாது. எந்த அலைவரிசைகள் என்று பார்க்க வேண்டும். என்78 என்பது 3300 மெகாஹெர்ட்ஸ் பக்கம்: வேகம் அதிகம், சுவரைத் துளைக்கும் சக்தி குறைவு. என்28 என்பது 700 மெகாஹெர்ட்ஸ்: வேகம் குறைவு, ஆனால் காங்கிரீட்டைத் தாண்டி உள்ளே வரும். 2022 ஏலத்தில் 700ஐ வாங்கிய தனியார் நிறுவனம் ஜியோ மட்டும்தான். ஜியோ வைத்திருப்பவர்கள் போனில் என்28 இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். மூன்று பக்கமும் அடுக்குமாடி சூழ்ந்த வீட்டின் நடு அறையில் அதன் அருமை தெரியும்.

அதைவிடவும் எனக்கு வைஃபை காலிங் முக்கியம். ஏர்டெல் 2019 டிசம்பரிலும் ஜியோ 2020 ஜனவரியிலும் இதைக் கொண்டுவந்தன. வீட்டுக்குள் சிக்னல் ஒரு கோடு காட்டினாலும் பேச்சு வைஃபை வழியாகத் தெளிவாகப் போகும். போனும் சிம்மும் இரண்டுமே இதை ஆதரிக்க வேண்டும், செட்டிங்கில் நாமே போட வேண்டும். எத்தனையோ வீடுகளில் இது அணைந்தே கிடக்கிறது. பால்கனியில் நின்று கத்திப் பேசுகிறார்கள்.

மெட்ரோவில் சென்ட்ரலிலிருந்து எழும்பூருக்குச் சுரங்கத்தில் போகும்போது ஒரு போன் எப்படி 5ஜியிலிருந்து 4ஜிக்கு இறங்கி மறுபடி ஏறுகிறது என்று கவனித்துப் பாருங்கள். சில போன்கள் இறங்கியதும் வேலையைத் தொடர்கின்றன. சில, இல்லாத 5ஜியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு எதையும் இறக்காமல் நிற்கின்றன. நான் முன்பு வைத்திருந்தது அந்த ரகம். இப்போதையது அந்த விஷயத்தில் கெட்டிக்காரப் போன்.

பேச்சுத் தரத்தைப் பற்றி இப்போது யாரும் எழுதுவதே இல்லை. தி.நகர் ரங்கநாதன் தெருவில் நின்று, அம்மாவிடம் ரவிக்கைத் துணியின் நிறத்தைக் கேட்டுப் பாருங்கள். காதில் வைக்கும் ஸ்பீக்கர் போதுமான சத்தம் தருகிறதா, சுற்றியிருக்கும் கூச்சலை மைக் வடிகட்டுகிறதா, வடிகட்டுகிற வேகத்தில் நம் குரலையும் சேர்த்து விழுங்கிவிடுகிறதா? என் போன் கூச்சலை நன்றாக வடிகட்டுகிறது. ஆனால் மெதுவாகப் பேசினால் வார்த்தையின் கடைசி எழுத்து போய்விடுகிறது என்று அம்மா சொல்கிறார். ‘வந்தேன்’ என்பது ‘வந்தே’ என்றுதான் அவருக்குக் கேட்கிறது.

தமிழுக்கு வருகிறேன். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டின் பயனாக 1999இலேயே தமிழ்99 விசைப்பலகையை அரசு ஏற்றது. கைப்பேசிக்கு முத்து நெடுமாறனின் செல்லினம் என்ற தமிழ்த் தட்டச்சு ஆப் வந்தது. 2017இல் கூகுள் குரல்வழித் தட்டச்சில் தமிழைச் சேர்த்தது. அடித்தளம் எல்லாம் உறுதியாக இருக்கிறது. அப்படியும் போன் கம்பெனிகள் தமிழைக் கடைசியில்தான் பார்க்கின்றன. போனின் மொழியைத் தமிழுக்கு மாற்றிவிட்டுக் கூர்ந்து பாருங்கள். ‘அறிவிப்புகள்’ என்பது பட்டனுக்குள் அடங்காமல் ‘அறிவிப்...’ என்று நிற்கும். ‘நூ’, ‘ணூ’ போன்ற எழுத்துகளின் கீழ்ச்சுழி அடுத்த வரியில் இடிக்கும், அல்லது பாதியில் வெட்டுப்படும். கம்பெனிக்காரர்கள் அழகுக்குச் சேர்க்கும் சொந்த எழுத்துருக்களில் இது அதிகம். ஆண்ட்ராய்டோடு வரும் நோட்டோ எழுத்துருவையே அப்படியே விட்டிருந்தால் பெரும்பாலும் பிரச்சினை இல்லை.

குரலைச் சோதிக்க என்னிடம் ஒரே வாக்கியம்தான்: “நாளைக்குக் காலையில பத்து மணிக்கு கேஸ் சிலிண்டர் வருது, வீட்ல யாராவது இருங்க.” அம்மா பேசுகிற மாதிரி பேச்சுத் தமிழ், நடுவே இரண்டு ஆங்கிலச் சொல். ஃபேன் ஓடும் அறையில் இதைத் தப்பில்லாமல் எழுதிக் கொடுத்தால் அந்தப் போன் பெரியவர்களுக்கு உகந்தது. என் போன் எழுதிவிட்டது, ‘சிலிண்டர்’ உட்பட. அதற்கப்புறம் அம்மா தட்டச்சுப் பலகையையே தொடுவதில்லை.

கேமராவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம், ஏனென்றால் இந்த விலையில் எல்லாமே பகலில் நல்ல படம் எடுக்கின்றன. மூன்று விஷயம் மட்டும் பார்ப்பேன். அரக்குச் சிவப்புக் காஞ்சிபுரம் பட்டு: பல கேமராக்கள் சிவப்பைக் கொட்டித் தீர்த்து, மடிப்பும் நெசவும் தெரியாமல் ஒரே பூச்சாக ஆக்கிவிடும். டியூப்லைட் வெளிச்சம்: நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு நொடிக்கு 100 தடவை துடிக்கிறது, கேமரா அதற்கேற்ப அமையாவிட்டால் வீடியோவில் பட்டை பட்டையாக ஓடும். செட்டிங்கில் 50 ஹெர்ட்ஸ் என்று இருக்கிறதா பாருங்கள். மூன்றாவது, நிறம். என் அத்தை மாநிறத்துக்கும் ஒரு படி கூடுதல் கறுப்பு, களையான முகம். கேட்காமலே அவர் முகத்தை வெளுப்பாக்கி, கன்னத்துச் சுருக்கத்தைத் துடைத்துக் கொடுக்கும் போனை நான் வீட்டுக்குள் சேர்க்க மாட்டேன். கூகுள் 2021இல் பிக்சல் 6ஓடு பல நிறத் தோல்களையும் உள்ளபடி காட்டும் முயற்சியைத் தொடங்கியது. மற்றவர்களும் செய்ய வேண்டியது இது. தமிழ்நாட்டில் விற்கிற போனுக்கு எங்கள் நிறம் தெரிந்திருக்க வேண்டும்.

120 ஹெர்ட்ஸ் நன்றாகத்தான் இருக்கிறது. 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு காட்சிக்கு 16.7 மில்லி நொடி என்பது இதில் 8.3 ஆகிறது, விரலோடு திரை ஒட்டி ஓடுகிறது. அதற்குமேல் அதில் எழுத ஒன்றுமில்லை.

எழுத வேண்டியது, போன் நமக்குத் தெரியாமல் ஆப்களை மூடிவிடும் வழக்கத்தைப் பற்றி. பேட்டரியை மிச்சப்படுத்த ஆண்ட்ராய்டு 6இல், 2015இல், டோஸ் என்ற முறை வந்தது. அது அளவோடு செய்தது. அதற்குமேல் சில கம்பெனிகள் தங்கள் பங்குக்கு இன்னும் கடுமையாகப் பின்னணி ஆப்களை அடித்து மூடுகின்றன. பேட்டரி நாள் முழுக்க வருகிறது என்று மதிப்புரையில் பேர் வாங்கலாம். ஆனால் அப்பாவின் சர்க்கரை மாத்திரை நினைவூட்டல் ராத்திரி எட்டு மணிக்கு அடிப்பதற்குப் பதிலாக, அவர் ஒன்பதரைக்குப் போனைத் தொட்டபோது அடித்தது. சித்தி மகனுக்குத் திரை அணைந்திருந்தால் ஆர்டர் சத்தமே வராது. பக்கத்தில் நிற்கிறவனுக்கு ஆர்டர் போய்விடும். எந்தப் போன் வாங்கினாலும் முதல் நாளே செட்டிங்கில் பேட்டரி பகுதிக்குப் போய், மாத்திரை ஆப், வேலை ஆப், வங்கி ஆப் மூன்றுக்கும் ‘கட்டுப்பாடு இல்லை’ என்று மாற்றுங்கள். ‘தானாகத் தொடங்கு’ என்று தனியாக ஒன்று இருந்தால் அதையும் போடுங்கள். மறைத்து வைத்திருப்பார்கள், தேடித்தான் பிடிக்க வேண்டும்.

இனி மழை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் பக்கமெல்லாம் தண்ணீர் நின்றது. கரண்ட் இல்லை, டவர்களும் ஒவ்வொன்றாக அடங்கின. அப்போதுதான் பேட்டரியைப் பற்றி ஒன்று பளிச்சென்று புரிந்தது. சும்மா வைத்திருந்த போனே வேகமாக இறங்கிக்கொண்டிருந்தது. காரணம், சிக்னல் பலவீனமாக இருக்கும்போது டவரைத் தேடிப் பிடிக்கப் போன் கூடுதல் சக்தி செலவழிக்கும். அந்த மாதிரி நேரத்தில் 5ஜியை அணைத்து 4ஜியில் நிறுத்துங்கள். சிக்னலே இல்லையென்றால் ஃபிளைட் மோடில் போட்டு, மணிக்கு ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். எந்த விரைவுச் சார்ஜும் கரண்ட் இல்லாத வீட்டில் உதவாது. 5000க்குக் குறைந்த பேட்டரி உள்ள போனை எங்கள் பகுதியில் யாருக்கும் நான் சொல்வதில்லை.

தூசும் தண்ணீரும் புகாமல் தாங்கும் தரக்குறியீடு ஐபி68 என்று இருந்தால் மழைக்குப் பயமில்லை. ஆனால் அந்தச் சோதனை நல்ல தண்ணீரில் நடப்பது. மெரினாவில் அலையில் நின்று படம் எடுக்க அது அனுமதிச் சீட்டு கிடையாது; உப்பு, சார்ஜ் ஓட்டைக்குள் உள்ள உலோகத்தை அரிக்கும். தண்ணீர் புகுந்து பழுதானால் பெரும்பாலும் வாரண்டியும் கைகொடுக்காது. வேர்வை ஈரமே போதும், ‘சார்ஜிங் போர்ட்டில் ஈரம்’ என்று எச்சரித்துச் சார்ஜ் ஏற மறுக்கிற போன்கள் இருக்கின்றன. ஊதி உலர்த்த வேண்டாம், வாயின் ஈரமும் சேரும். ஓட்டை கீழே பார்க்கும்படி வைத்து, உள்ளங்கையில் இலேசாகத் தட்டி, ஃபேன் காற்றில் விடுங்கள்.

ரிப்பேர் எளிதா என்பது எனக்குக் கடைசிக் கேள்வி, ஆனால் சின்னக் கேள்வி இல்லை. அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி ஸ்ட்ரீட்டில் போய், நீங்கள் வாங்க நினைக்கும் மாடலுக்குத் திரையும் பேட்டரியும் கிடைக்குமா என்று இரண்டு கடையில் விசாரியுங்கள். “அது வருதுண்ணா, ஒரிஜினல் வேணும்னா ரெண்டு நாள் ஆகும்” என்று சொன்னால் நல்லது. “அந்த மாடலுக்கு எதுவும் வர்றதில்ல” என்றால் யோசியுங்கள். பாதுகாப்பு அப்டேட் எத்தனை வருடம் என்றும் பாருங்கள். 2023இல் பிக்சல் 8க்கும் 2024இல் கேலக்ஸி எஸ்24க்கும் ஏழு வருடம் என்று அறிவித்தார்கள். நம் விலைப் போன்களில் பெரும்பாலும் அதைவிடக் குறைவு. வங்கி ஆப் வைத்திருக்கிற போனுக்கு அந்த வருடக் கணக்குதான் உண்மையான ஆயுள்.

கடைக்குப் போகும்போது மத்தியானம் போங்கள். டெமோ போனைக் கையில் கொடுக்கச் சொல்லி வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பாருங்கள். கடைப் பையன் கூடவே வரட்டும். தமிழுக்கு மாற்றச் சொல்லி ஒரு வரி பேசிப் பாருங்கள். விரலை நனைத்துத் திரையில் மேலும் கீழும் தள்ளிப் பாருங்கள். கல்லாவில் இருக்கும் கியூஆர் அட்டையைக் கேமராவால் பிடித்துப் பாருங்கள். பிடித்திருந்தால் பெட்டியை உங்கள் கண்ணெதிரே பிரிக்கச் சொல்லுங்கள். *#06# போட்டு வரும் ஐஎம்இஐ எண் (ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண்), பெட்டியில் இருப்பது, பில்லில் எழுதியிருப்பது, மூன்றும் ஒன்றா என்று ஒவ்வொரு இலக்கமாகச் சரிபார்த்துவிட்டு, அப்புறம் பணத்தைக் கட்டுங்கள். அந்தப் பில்லைப் படம் எடுத்து வீட்டில் இன்னொருவர் போனுக்கு அனுப்பி வையுங்கள். போன் தொலைந்தால் மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் அதை முடக்க அந்த எண்ணைத்தான் கேட்பார்கள்.